இரண்டு சாமிக்கு ஒரே மொட்டை

எனக்குச் சோறு போட வேண்டும் என்று கேட்டு, செத்துப்போன ஒருவரின் சொத்து மீது வழக்குப் போடப் போனார்கள். செத்துப்போனவர் என் அப்பா. வழக்குப் போடப் போனது நான். அப்போது எனக்கு எட்டு வயது. வழக்கு என்றால் என்னவென்று தெரியாது, சொத்து என்றால் என்னவென்று தெரியாது. சோறு மட்டும் நன்றாகத் தெரியும். ஒரு வாதிக்கு அது போதும் என்று பெரியவர்கள் நினைத்திருக்க வேண்டும்.

நாங்கள் பர்மாவில், ஆற்றுக்கு இக்கரையில் தன்லியின் என்ற ஊரில் இருந்தோம். அம்மா பர்மியப் பெண். செருப்புத் தொழிற்சாலையில் அடிப்பாகம் ஒட்டும் வேலை. அவரை நான் பர்மியத்தில் 'அமே' என்றுதான் கூப்பிடுவேன். அப்பாவைத் தமிழில் அப்பா. அவருக்குப் பாலம் தாண்டித் தாகேதாவில் ஒரு வீடும், வீட்டை ஒட்டி ஒரு கொட்டகையும், கொட்டகை நிறைய வாடகைக்கு விடும் சைக்கா என்கிற சைக்கிள் ரிக்ஷாக்களும் இருந்தன. சைக்காவில் ஒருவர் முன்னே பார்த்தும் இன்னொருவர் பின்னே பார்த்தும் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார வேண்டும். மிதிப்பவர் பக்கத்தில் மிதித்துக்கொண்டிருப்பார். அப்பாவின் குடும்பமும் அப்படித்தான். தாகேதா வீட்டில் அவருடைய மனைவியும் மகளும் ஒரு திசையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். தன்லியினில் அமேயும் நானும் எதிர்த் திசையைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். நடுவில் அப்பா வியர்க்க வியர்க்க மிதித்தார்.

தாகேதாவில் இருந்தவரை நான் பெரியம்மா என்று சொல்ல வேண்டும் என்பது அப்பாவின் உத்தரவு. ஆனால் அவர் முன்னால் சொல்லக் கூடாது. அவர் முன்னால் நான் இருக்கவே கூடாது என்பதால் அதில் சிரமம் ஏதும் இருக்கவில்லை.

எங்களைப் பார்க்க வரும்போதெல்லாம் அப்பா அங்கே சொல்லிவிட்டு வரும் காரணம், பானைக்குப் பேர்போன த்வாண்டேவுக்குப் பானை வாங்கப் போகிறேன் என்பது. வழிப்போக்கர்கள் குடிப்பதற்குத் தெருவோரத்தில் தண்ணீர்ப் பானை வைப்பது இந்த ஊரில் பெரிய புண்ணியம். அப்பா அந்தப் புண்ணியத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். எங்களோடு இருந்துவிட்டுத் திரும்பும்போது தன்லியின் சந்தையிலேயே இரண்டு பானை வாங்கி, அதன் மீது கொஞ்சம் வைக்கோலையும் ஒட்டிக்கொண்டு போவார். தாகேதாவில் அந்தத் தெருமுழுக்கத் தண்ணீர்ப் பானை நின்றது. அங்கே தாகத்தால் யாருக்கும் நாக்கு வறண்டதில்லை. வட்டாரமே அவரைத் தர்மவான் என்று கொண்டாடியது.

எனக்கு ஏழு வயது முடியும்வரை முடியே வெட்டவில்லை. முருகனுக்கு வேண்டுதல் என்று அப்பா சொன்னார். என்ன வேண்டுதல், எப்போது வேண்டிக்கொண்டது என்று கேட்டால் மட்டும் பேச்சு சைக்கிள் டியூப் பக்கம் போய்விடும். முடி இடுப்புவரை வந்தது. பள்ளிக்கூடத்தில் புது வாத்தியார் யார் வந்தாலும் என்னைப் பெண்பிள்ளைகள் வரிசையில் கொண்டுபோய் உட்காரவைப்பார். அமே அதைப் பச்சை ரப்பர் பேண்டு போட்டுக் குதிரைவாலாகக் கட்டிவிடுவார்.

அந்த வருடம் தண்ணீர்த் திருவிழா விடுமுறையில் எங்கள் பக்கத்துப் பையன்கள் எல்லோரும் கோயின் ஆனார்கள். கோயின் என்றால் காவி கட்டிய குட்டித் துறவி. மொட்டை போட்டு மடத்தில் சில நாள் இருந்துவிட்டு வர வேண்டும். இது செய்யாத மகனைப் பெற்ற தாய்க்கு இந்த ஊரில் தலைநிமிர்வு இல்லை. அமே பிடிவாதமாக நின்றார். முருகன் முடி என்னாவது என்று அப்பா கவலைப்பட்டார். கடைசியில் திடீரென்று சம்மதித்தார். சம்மதித்த வேகத்தைப் பார்த்தே அமே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மொட்டை அடிக்கும்போது பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் வெள்ளைத்துணியை விரித்துப் பிடித்து, விழும் முடியை ஏந்த வேண்டும். அதுதான் சடங்கு. என் முடியை ஏந்திய துணியின் ஒரு நுனி அமேயின் கையிலும் மறு நுனி அப்பாவின் கையிலும் இருந்தன. ஊர் பார்க்க அவர்கள் இருவரும் ஒரே துணியைப் பிடித்தது அன்று ஒருநாள்தான். புகைப்படக்காரர் எங்கள் பக்கம் திரும்பியபோதெல்லாம் அப்பாவுக்கு அவசரமாகச் சிறுநீர் வந்தது. அதனால் எந்தப் படத்திலும் அவர் இல்லை; துணியின் அந்த நுனியை ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொருவர் பிடித்திருந்தார்கள்.

ஏந்திய முடியைப் போதிமரத்தடியில் புதைப்பது வழக்கம். மொட்டை போட்ட பொங்கி, மடத்துப் பெரிய துறவி, முதல் வெட்டிலேயே குதிரைவாலை ரப்பர் பேண்டோடு எடுத்துத் துணியில் போட்டிருந்தார். குளிப்பாட்டும் தொட்டிக்குப் பின்னால் அப்பா என்னை இழுத்துக்கொண்டுபோய் அந்தக் குதிரைவாலை மட்டும் சட்டைக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினார்.

"தலைப் பக்கம் புத்தருக்கு. வால் பக்கம் முருகனுக்கு. அமேகிட்ட மூச்சு விடாதே. தெரிஞ்சா சாமிக்கு ஒண்ணா உனக்கு ரெண்டு மொட்டை போடுவா."

இடுப்பிலிருந்து ஒரு பழைய மஞ்சள் துணியை எடுத்தார். அதன் ஒரு மூலையில் ஏற்கெனவே ஏதோ இறுக்கி முடிந்திருந்தது. அதை அவர் தொடவில்லை. துணிக்கு நடுவில் குதிரைவாலை வைத்தார். அன்று காலையில் கரும்பு கடித்து என் முன்பல் விழுந்திருந்தது. அதையும் வைக்கச் சொல்லிக் கொடுத்தேன். முருகனுக்குப் பல் எதற்கு என்று யோசித்தார். பிறகு, கொடுத்ததை விடுவானேன் என்று சேர்த்துக் கட்டி, தன் சிவப்புக் கட்டம் போட்ட துண்டில் சுருட்டிக்கொண்டார். அடுத்த திருவிழாவில் கோயிலில் சேர்த்துவிடுவதாகச் சொன்னார்.

அடுத்த திருவிழா வரும்வரை அவர் இருக்கவில்லை. மழைக்காலத்தின் நடுவில், கொட்டகையில் ஒரு சைக்காவுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தவர் பம்பைப் பிடித்தபடியே சரிந்துவிட்டார்.

செய்தியைக் கொண்டுவந்தவர் அப்பாவிடம் வண்டி எடுத்து ஓட்டிய ஒரு சைக்காக்காரர். அமே என்னை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினார். வீட்டு வாசலில் பெரியம்மாவின் தம்பி நின்றார். எங்களைப் பார்த்ததும் கையை மட்டும் அசைத்தார், நாயை விரட்டுகிற மாதிரி. சத்தம்கூடப் போடவில்லை. நாங்கள் எதிர்ச்சாரியில் அப்பா வைத்த தண்ணீர்ப் பானை ஒன்றின் பக்கத்தில் நின்றோம். மழை பெய்தது. அப்பாவை எங்கள் முன்னால்தான் கொண்டுபோனார்கள். அமே பானையிலிருந்து ஒரு குவளை தண்ணீர் மொண்டு எனக்குக் கொடுத்து, தானும் ஒரு குவளை குடித்தார். வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு எங்கள் வீட்டில் பானைகளின் சத்தம் குறைந்தது. கறி போய்ப் பருப்பு வந்தது, பருப்பு போய் ரோசைல் என்கிற புளிச்சக்கீரை மட்டும் வந்தது. பள்ளிக்கூடத்துக்கு இனிச் சம்பளம் கட்ட முடியாது, பையனைத் தொழிற்சாலையில் பசை டப்பா தூக்க விடலாம் என்று யாரோ சொல்ல, அமே அன்றைக்கே நகரத்துக்குப் போய் ஒரு வக்கீலம்மாவைப் பிடித்தார். அவர் தமிழ் பேசும் முஸ்லிம். கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுப் பாயில் உட்கார்ந்து விளக்கினார். தாலி கட்டாததால் அமேக்குப் பங்கு கிடையாது. எனக்கும் மகன் என்று பங்கு கிடையாது. ஆனால் அப்பாவைப் போன்றவர்களுக்குச் செல்லுகிற பழைய இந்துச் சட்டப்படி, இப்படிப் பிறந்த பிள்ளையையும் பட்டினி போட முடியாது.

"பங்கு கேக்கல நாம. சோறு, துணி, படிப்பு. இவன் வளர்ற வரைக்கும். அது செத்தவரு சொத்து மேல இருக்கிற பொறுப்பு. யாரும் போடுற பிச்சை இல்ல."

ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. அப்பா என்னைத் தன் பிள்ளை என்று ஏற்றுக்கொண்டிருந்தார் என்பதற்குச் சாட்சி வேண்டும். என் பிறப்பைப் பதிந்தபோது அப்பா தன் தமிழ்ப் பெயரை விட்டுவிட்டு ஒரு பர்மியப் பெயரைக் கொடுத்திருந்தார். அந்தப் பெயரைச் சொல்லிப் பஸ்ஸில் கூப்பிட்டால் பாதி பஸ் திரும்பிப் பார்க்கும். வெள்ளைத்துணி பிடித்த கதையை அமே சொன்னார். படங்களைப் பார்த்த வக்கீலம்மா, "இதுல உங்க பிள்ளைக்கு நாலஞ்சு அப்பா இருக்காங்களே" என்றார். பொங்கிக்கோ அன்று அடித்த மொட்டைகளில் எது எவருடையது என்று நினைவில்லை.

கோர்ட்டுக்குப் போனால் நான் மீசை முளைத்த பிறகுதான் சோறு கிடைக்கும், அதனால் முதலில் தாகேதாவில் கோயில் தலைவர் முன்னால் பேசலாம், அவர் சொல்லிவிட்டால் பெரியம்மா வீட்டார் மீற மாட்டார்கள் என்று வக்கீலம்மா முடிவு செய்தார். அவர் சொல்லாவிட்டால் கோர்ட்டும் சந்தேகப்படும் என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது அமே பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் பயம் பிடித்தது அங்கேதான். அப்பாவின் சொத்து எனக்குச் சோறு போட வேண்டும் என்றால், சொத்து எங்கே இருக்கிறதோ அங்கே போய்த்தானே நான் சாப்பிட வேண்டும்? சொத்து இருப்பது பெரியம்மாவின் வீட்டில். பெரியம்மா பார்த்தால் பால் திரிந்துபோகும் என்று அப்பாவே சொல்லியிருக்கிறார். அவர் பரிமாற, அவருடைய தம்பி வாசலில் நிற்க, நான் வளர்கிற வரைக்கும் மூன்று வேளை. நான் வளராமல் இருந்தால் என்னாகும் என்று வேறு யோசித்தேன். அந்தச் சோற்றைத் தின்றால் வளர மாட்டேன் என்றுதான் பட்டது. கீரையே நன்றாக இருக்கிறது என்று அமேயிடம் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். அவர் அதைத் தவறாகப் புரிந்துகொண்டு என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். மறுநாளும் கீரையே வைத்தார்.

பேச்சுக்குப் போன அன்று அமே என் கன்னங்களில் தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூசினார். பிறகு யோசித்து நெற்றியில் விபூதியும் பூசினார். முகத்தில் எங்கேயும் தோல் மிச்சமில்லை. அப்பா மாதிரி உட்காரு, அது போதும் என்று வக்கீலம்மா சொல்லியிருந்தார். அப்பாவுக்குத் தொப்பை உண்டு. நான் பஸ்ஸில் பாலம் தாண்டும்போதே வயிற்றை முன்னால் தள்ளிப் பழகிக்கொண்டு வந்தேன். உள்ளே கீரை மட்டும் இருந்ததால் சரியாக வரவில்லை.

கோயில் மண்டபத்தில் பாய் விரித்திருந்தார்கள். தலைவர் வயதான, குரல் தணிந்த மனிதர். டீ கொடுக்கச் சொன்னார். எதிரே பெரியம்மாவும் அவருடைய தம்பியும், பின்னால் பெரியம்மாவின் மகளான அக்காவும். பெரியம்மாவை நான் அன்றுதான் கிட்டத்தில் பார்த்தேன். வெள்ளைச் சேலையில், சாவிக்கொத்து இல்லாத இடுப்பைக் கை அடிக்கடி தேட, மெலிந்து உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பிளாஸ்டிக் கூடை. அதன் மேல் வேப்பிலை.

அமே தமிழை அப்பாவிடம் மட்டுமே கற்றவர். அப்பா அவருக்கு 'நீங்கள்' என்ற சொல்லைக் கற்றுக்கொடுக்கும் அவசியம் வரவில்லை.

"நீ கேளு தலைவர். பையன் அவரு பையன். நான் பொய் சொல்லமாட்டேன். நீ கோயில்ல இருக்கே, உனக்குத் தெரியும்."

தலைவர் டீயை உறிஞ்சுவதை நிறுத்தி, பிறகு தொடர்ந்தார். பெரியம்மாவின் தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மரியாதையப் பாத்தீங்களாய்யா? மச்சான் பானை வாங்கப் போன மனுஷன். ஊருக்கே தண்ணி வச்சவரு. அவரு பேர்ல ஆத்துக்கு அந்தாண்ட ஒரு பிள்ளைன்னு சொன்னா எந்தச் சாமியாவது நம்புமா?"

"அந்தப் பானை எல்லாம் தன்லியின் பானை" என்றார் அமே. "அடியிலே பாரு. த்வாண்டே பானை கனமா இருக்கும்."

பெரியம்மா முதன்முறையாக நிமிர்ந்து அமேயைப் பார்த்தார். வீட்டில் எத்தனையோ பானைகளைத் தூக்கியவர் அவர். பிறகு தம்பியைப் பார்த்துத் தலையசைத்தார். தம்பி கூடையை வாங்கி, வேப்பிலையை விலக்கி, ஒரு குச்சியால் உள்ளிருந்து எதையோ தூக்கிப் பாயின் நடுவில் போட்டார்.

சிவப்புக் கட்டம் போட்ட துண்டு.

கருமாதிக்கு வீட்டைக் கழுவும்போது முருகன் படத்துக்குப் பின்னால் கிடைத்ததாம். துண்டின் ஓரத்தில் ஒரு நீள முடி தொங்கிக்கொண்டிருந்தது. பிரிக்காமலே ஒரு மந்திரவாதியிடம் காட்டினார்களாம். ஒரு பெண்பிள்ளை தன் கூந்தலை அறுத்து வைத்துச் செய்த வினை, வைத்த வீட்டு ஆண் வருஷம் தாண்ட மாட்டான் என்று அவன் சொல்லிவிட்டான். தூக்கி எறிந்தால் எறிந்தவரைப் பிடிக்கும் என்பதால் வேப்பிலைக்கு அடியிலேயே வைத்திருந்தார்களாம்.

"சோறு கேக்க வந்திருக்கா" என்றார் பெரியம்மா. குரல் மிகவும் சின்னதாக இருந்தது. "என் புருஷனைக் கொன்ன முடி இது. பாருங்க."

மண்டபத்தில் எல்லோரும் அமேயின் கூந்தலைப் பார்த்தார்கள். இடுப்பைத் தாண்டிய கூந்தல் அவருக்கு. அவருக்கோ அந்தத் துண்டைத் தவிர வேறெதுவும் அடையாளம் தெரியவில்லை. கழுத்தில் கை வைத்துக்கொண்டு, "நான் இல்லே, நான் இல்லே" என்று பர்மியத்தில் சொல்லிக்கொண்டே என்னைப் பின்னால் இழுத்தார். வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றினார். தலைவர் பாயில் ஒரு சாண் பின்னால் நகர்ந்தார். இதை இதோடு நிறுத்திக்கொள்ளலாம், கோயிலுக்குள் இதெல்லாம் வரக் கூடாது, சோறு போடுகிற பேச்சே இனி இல்லை என்கிற மாதிரி அவர் ஏதோ சொல்லத் தொடங்கினார்.

எனக்கு மட்டும் தெரியும், அது யாருடைய முடி என்று.

அப்பாவைக் கொன்றது அந்த முடி என்றால், அப்பாவைக் கொன்றது நான். கணக்கு அவ்வளவுதான், எட்டு வயதில் எனக்குப் பிழையில்லாமல் வந்த ஒரே கணக்கு. இடுப்புவரை வளர்த்தது நான். போதாதென்று பல்லையும் கொடுத்து வைக்கச் செய்தது நான். சொன்னால் என்னைப் பிடித்துக்கொண்டு போவார்கள். சொல்லாவிட்டால் அமேயைப் பிடித்துக்கொண்டு போவார்கள். அப்பாவுக்குப் புகைப்படக்காரரைக் கண்டால் வருவது எனக்கும் வந்தது. அவருடைய பிள்ளைதான் நான் என்பதற்கு அந்த இடத்தில் என்னிடம் இருந்த ஒரே சாட்சி அதுதான். அதைத் தலைவர் முன்னால் வைக்காமல் கால்களை இறுக்கிக்கொண்டேன்.

"அது என் முடி" என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னபோது வேண்டிய அளவுக்கு மேலேயே கேட்டது. கோயில் புறா ஒன்று பறந்தது.

"என் முடி. உள்ளே பச்சை ரப்பர் பேண்டு இருக்கு. என் பல்லும் இருக்கு. நான்தான் பல்லை வைக்கச் சொன்னேன். அமே ஒண்ணும் பண்ணல. அமேக்குத் தெரியவே தெரியாது. புத்தருக்குத் தலைப் பக்கம், முருகனுக்கு வால் பக்கம்னு அப்பாதான் எடுத்தாரு. நான் வேணும்னு கொல்லல."

தலைவர் டீ சாஸரைப் பாயில் வைத்தார். பிரித்துப் பார்க்கலாம் என்று பெரியம்மாவின் தம்பியிடம் சொன்னார். தம்பி, தலைவர் பிரிப்பதுதான் மரியாதை என்றார். தலைவர் பூசாரி இருக்கிறாரா என்று கேட்டார். பூசாரி அதற்குள் பிரகாரத்தின் மறுபக்கம் அவசர வேலையாகப் போயிருந்தார். ஆண்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் மரியாதை கொடுத்து முடித்தபோது அமே முழங்காலால் நகர்ந்து வந்து துண்டை எடுத்துப் பிரித்துவிட்டார்.

மஞ்சள் துணி. அதற்குள் குதிரைவால், பச்சை ரப்பர் பேண்டு இன்னும் இறுக்கமாக. துணியைச் சரித்ததும் பல் உருண்டு தலைவரின் டீ சாஸரில் போய் நின்றது. அவர் அதைப் பார்த்தார். என்னை அருகில் கூப்பிட்டு, மாட்டுச் சந்தையில் பார்ப்பதுபோல வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். அங்கே புதுப்பல் பாதி ஏறி நின்றது.

"பொம்பளை வினைக்குப் பால்பல் எங்கேருந்து வரும்?" என்றார், யாரையும் பார்க்காமல்.

வக்கீலம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெதுவாகப் பேச ஆரம்பித்தார். தன் வீட்டு முருகன் படத்துக்குப் பின்னால், தன் துண்டில், மகன் முடியை எடுத்து வைத்திருக்கிறார் மனிதர். ஏற்றுக்கொண்டதற்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? அதைக் கொண்டுவந்தவர்களும் நாங்கள் இல்லையே. பெரியம்மாவின் தம்பி விடவில்லை. துணியின் மூலையைக் காட்டினார். அங்கே அந்தப் பழைய முடிச்சு அப்படியே இருந்தது.

"அதுல தகடு இருக்கும். அவிழ்க்கச் சொல்லுங்க. அப்ப தெரியும்."

அமே நகத்தால் முயன்றார். பிறகு பல்லால். முடிச்சு வருடக்கணக்கில் இறுகிப்போயிருந்தது. நூல் ஒன்றுகூட அசையவில்லை. வக்கீலம்மா பேனா முனையைக் கொடுத்தார். அதுவும் உதவவில்லை. அறுத்துவிடலாம் என்று தம்பி எழுந்தபோது பெரியம்மாவின் கை நீண்டது.

அதுவரை அந்த மூட்டையைக் குச்சி இல்லாமல் தொடாதவர் அவர். துணியை அமேயின் கையிலிருந்து வாங்கிக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார். விரலால் ஒரு ஓரத்தைத் தடவினார். அப்புறம் எங்கோ ஒரு நூலைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தார். முடிச்சு பூ விரிந்த மாதிரி விட்டுக்கொடுத்தது. புழக்கத்தில் இல்லாத பழைய காசு ஒன்று பாயில் விழுந்தது. தகடு இல்லை.

"காசுதானே" என்றார் தம்பி. "காசு எதுக்கு வச்சாங்க?"

"நீ வாயை மூடு" என்றார் பெரியம்மா.

அதன் பிறகு அவர் தலைவரிடம் பேசினார். பையனுக்குச் சோறு, துணி, படிப்பு. இரண்டு சைக்காவின் வாடகை மாதாமாதம் தன்லியினுக்குப் போய்ச் சேரட்டும், அவன் படித்து முடிக்கிறவரை. இதில் தன் தம்பிக்குப் பேச்சில்லை. நான் அங்கே வந்து சாப்பிட வேண்டியதில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அந்த நிம்மதி கொஞ்ச நேரம்தான் நீடித்தது. பெரியம்மா என் பக்கம் திரும்பினார்.

"அவரு கையாலதான் வச்சாரா?"

தலையை ஆட்டினேன்.

"இந்தத் துணியை எங்கேருந்து எடுத்தாரு?"

இடுப்பைத் தொட்டுக் காட்டினேன். அவர் என் தலையைப் பார்த்தார், மொட்டைக்குப் பின் முள்முள்ளாக வளர்ந்திருந்த முடியை. கை பாதிதூரம் வந்து நின்றது. பிறகு சாஸரிலிருந்து பல்லை எடுத்து முந்தானையில் துடைத்தார். முடியையும் பல்லையும் காசையும் அதே மஞ்சள் துணியில் வைத்து, அதே மாதிரி முடிச்சுப் போட்டு, மடியில் செருகிக்கொண்டு எழுந்து போய்விட்டார். கோயிலில் தானே சேர்த்துவிடுவதாகத் தலைவரிடம் சொன்னாராம்.

அமே அன்று பஸ்ஸில் பாலம் முழுவதும் சிரித்துக்கொண்டு வந்தார். இறங்கியதும் கறி வாங்கினார். எனக்குக் கறி இறங்கவில்லை. என் முடியும் என் பல்லும் பெரியம்மாவின் மடியில் இருந்தன. மந்திரவாதிக்கு அவ்வளவு போதும் என்பது எங்கள் தெருப் பையன்கள் அனைவரும் அறிந்த விஷயம். அதைவிடப் பெரிய சாட்சி ஒன்று என்னிடம் இருந்தது. அமேயின் பல்லுக்கும் வக்கீலம்மாவின் பேனாவுக்கும் அசையாத முடிச்சு, பெரியம்மா தொட்டதும் அவிழ்ந்ததே. சூனியக்காரி இல்லாவிட்டால் அது எப்படி முடியும்? மாதாமாதம் சைக்காக்காரர் வாடகையைக் கொண்டுவரும்போது கூடவே பெரியம்மாவிடமிருந்து ஒரு பொட்டலம் விபூதியும் வரும். அமே பூசுவார். அவர் திரும்பியதும் நான் துடைத்துக்கொண்டு, சாகிறேனா என்று கண்ணாடியில் பார்ப்பேன். இப்படிச் செத்துச் செத்தே பத்தாம் வகுப்புவரை வந்துவிட்டேன். இரண்டு சைக்காக்கள் என்னை மிதித்துக் கரை சேர்த்தன.

மற்றது எனக்குத் தெரியவந்தது வளர்ந்த பிறகு, பெரியம்மாவும் போன பின்னால், அவருடைய பெட்டியை ஒழிக்க அக்கா என்னைத் துணைக்குக் கூப்பிட்ட அன்று. பேச்சோடு பேச்சாகத்தான் சொன்னார். தனக்கு ஆறோ ஏழோ வயதிருக்கும்போது அம்மா மஞ்சளில் ஒரு துணி நனைத்ததாகவும், கலக்கிவிட்டது தான்தான் என்றும், ஆண்பிள்ளை பிறந்தால் முதல் முடி உனக்கு என்று அப்பாவும் அம்மாவும் முருகன் படத்துக்கு முன்னால் சேர்ந்து நின்று வேண்டிக்கொண்டதாகவும், காசை அம்மாதான் முடிந்ததாகவும் சொன்னார். அதன் பிறகு வீட்டில் பிள்ளையே பிறக்கவில்லை. துணி எங்கே போயிற்று என்று அம்மா பல வருடம் தேடினாராம்.

எட்டு வயதில் நான் பார்த்ததெல்லாம், யாராலும் அவிழ்க்க முடியாத முடிச்சை ஒரு பெண் ஒரே இழுப்பில் அவிழ்த்தது மட்டும்தான். போட்ட கைக்குத்தான் எந்த நூலை இழுக்க வேண்டும் என்று தெரியும் என்பது தோன்றவில்லை. அமேயின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து நின்று, பாதி முளைத்த பல்லை நாக்கால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன், அது இன்னும் என்னிடம்தான் இருக்கிறதா என்று.